பூட்டை மூன்று முறை இழுப்பவள்

நெய்வேலி டவுன்ஷிப்பில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் செந்தாமரை எதையும் ஒரு தடவையோடு விடுகிற பெண் அல்ல. வீட்டைப் பூட்டினால் மூன்று முறை இழுத்துப் பார்ப்பாள். பாதித் தெரு போனவள் திரும்பி வந்து நாலாவது முறையும் இழுப்பாள். சுரங்கத்தில் ஷிப்ட் பார்க்கும் கணவன் அன்புமணிக்கு இது தீராத கேலி.

"நம்ம பூட்ட திருடன் ஒடைக்க மாட்டான். இவதான் ஒடைப்பா" என்பான்.

கடைக் கம்ப்யூட்டரில் ஊர் ஜனங்களின் ஆதாரும் பத்திரமும் குவிந்து கிடந்தன. பக்கத்து பிளாக்கில் ஒரு கம்ப்யூட்டர் களவு போனதும், வேறு யாரும் படிக்க முடியாதபடி இவள் தன் டிஸ்க் முழுவதையும் பூட்டிவிட்டாள். கம்ப்யூட்டரில் கோளாறு வந்தால் அதைத் திறக்க நாற்பத்தெட்டு இலக்க எண் ஒன்று உண்டு. அதை அச்செடுத்து, பீரோவில் ஒரு பச்சை ஃபைலில் வைத்தாள். இத்தனை செய்தவள், டிஸ்க்கில் இருப்பதை இன்னொரு டிஸ்க்கில் பிரதி எடுப்பதை மட்டும் தீபாவளியிலிருந்து தள்ளிப்போட்டு வந்தாள். மனுஷி தானே.

பொங்கல் முடிந்த வாரம் மதர்போர்டு புகைந்தது. புதியது மாற்றியதும் திரை அந்த எண்ணைக் கேட்டது. எதிரே கம்மாபுரம் கொளஞ்சிநாதன் உட்கார்ந்திருந்தார். சுரங்கத்துக்குப் போன நிலத்தைத் தன் அப்பாதான் அனுபவித்து வந்தார் என்று மறுநாள் நஷ்டஈட்டு விசாரணையில் அவர் காட்டியாக வேண்டும். அப்பா காலத்துத் தீர்வை ரசீதுகளைக் கரையான் தின்றுவிட்டது. மிஞ்சியது இந்த டிஸ்க்கில் இருந்த ஸ்கேன்தான்.

செந்தாமரை கணவனுக்குப் போன் போட்டாள். "என்னங்க, பீரோவுல இருந்த பச்ச ஃபைல் எங்க?"

"போகிக்குக் கொளுத்திட்டேனே. பழைய கரண்ட் பில்லுன்னு நெனச்சேன்."

அவள் போனை வைத்தாள். கொளஞ்சிநாதனின் முகத்தைப் பார்க்கத் துணிவில்லாமல் மேசையைத் துடைத்தாள். துடைத்த இடத்தையே மறுபடி துடைக்கும்போதுதான் நினைவு வந்தது. அந்த எண்ணை இரண்டு பிரதி எடுத்திருந்தாள். ஒன்றை லேமினேட் செய்து, காடாம்புலியூரில் இருக்கும் நாத்தனார் கண்ணகியிடம் கொடுத்திருந்தாள்.

"கண்ணகி, போன வருஷம் ஒரு அட்டை குடுத்தேனே, இருக்கா?"

"சாமி படத்தாண்ட இருக்குது அண்ணி. தெனம் பொட்டு வச்சிகினு வரேன்."

"அதுக்கு எதுக்குடி பொட்டு?"

"யார்கிட்டயும் காட்டாதன்னு நீங்கதான சொன்னீங்க. ஏதோ மந்திரம்னு நெனச்சிகினேன்."

செந்தாமரைக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. கண்ணகி ஒவ்வொரு எண்ணாகப் படித்தாள். நடுவில் நிறுத்தினாள்.

"இது மூணா எட்டான்னு தெரியல அண்ணி. குங்குமம் அப்பிகினு இருக்குது."

"முந்தானையால தொடச்சிப் பாரு."

லேமினேட் செய்த அட்டை, துடைத்ததும் சுத்தமாகிவிட்டது. "எட்டுங்க அண்ணி."

டிஸ்க் திறந்தது. திரையில் வந்த ரசீதைக் கொளஞ்சிநாதன் குனிந்து எழுத்துக்கூட்டினார். "எங்கப்பா பேரு அப்பிடியே இருக்குதும்மா" என்றார். செந்தாமரை அழுதேவிட்டாள். அவர் ஒரு செட் கேட்டார். மூன்று செட் எடுத்துக் கொடுத்தாள். அன்றே புது டிஸ்க் வாங்கி, எல்லாவற்றையும் பிரதி எடுத்த பிறகுதான் சாப்பிட்டாள்.

சாயங்காலம் அன்புமணி தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்தான். கடை ஷட்டரை இறக்கிப் பூட்டினான். பூட்டை இழுத்துப் பார்த்தான். வண்டிவரை போனவன் திரும்பி வந்து மறுபடி இழுத்தான்.

"இன்னொரு தடவ" என்றாள் செந்தாமரை.

இழுத்தான்.