நான் மறித்த ஜனாஸா

ஜின் இருக்கிறது என்று ஓதித்தான் வளர்ந்தேன். ஆனால் அது பட்டப்பகலில் வீதிக்கு வரும் என்று யாராவது சொன்னால் எழும்பிப் போய்விடுகிற ஆள் நான், இன்றைக்கும் அப்படித்தான். நீங்கள் சிரிப்பீர்கள் என்று தெரியும். சிரியுங்கள், நான் கண்டது கண்டதுதான்.

தீயணைப்புப் பிரிவில் என் வேலை டேப் கட்டுவது. நெருப்போ, சரிந்த கட்டடமோ, முதலில் இறங்கி சிவப்பு வெள்ளை டேப்பை இழுத்துச் சனத்தை மறிக்க வேண்டும். நான் இடக்கைக்காரன், என் முடிச்சு பின்பக்கமாகச் சுற்றி உள்ளே போகும். வேறு யாராலும் அதை அவிழ்க்க முடியாது, வெட்டத்தான் வேண்டும். அதற்காகப் பொறுப்பதிகாரியிடம் நான் வாங்காத ஏச்சில்லை.

அன்று சம்மாந்துறையில் ஒரு பழைய அரிசி ஆலை எரிந்தது. அணைத்தாயிற்று, ஆனால் வீதிப்பக்கச் சுவர் வெடித்துச் சாய்ந்து நின்றது. கடைக்காரர்கள் கெஞ்சியதால் டேப்பைக் கொஞ்சம் கிட்டவாகவே கட்டிவிட்டேன், அது என் பிழைதான், ஒத்துக்கொள்கிறேன். கட்டிய மின்கம்பத்துக்குப் பக்கத்திலேயே காவல் நின்றேன்.

பின்னேரம் அஸர் தொழுகை முடிந்த நேரம், மையத்தை அடக்கத்துக்குத் தூக்கிக்கொண்டு ஒரு ஜனாஸா வந்தது. எங்கள் ஊர்களில் ஜனாஸா வந்தால் பஸ்ஸே ஓரங்கட்டும், யாரும் மறிக்க மாட்டார்கள். நான் மறித்தேன்.

"மையத்தச் சுணக்கப்படாது தம்பி" என்றார் முன்னால் தூக்கி வந்த பெரியவர்.

"சுணங்கட்டும் மாமா. தூக்கிற உங்களுக்கெல்லாம் உசிர் இருக்கே, அதத்தான் நான் பாக்கன். மற்ற ஒழுங்கையால போங்க."

அவர் கோபிக்கவில்லை. "அப்ப நீயும் தோள் குடுத்துக் காட்டிவிடு" என்றார். அதை எப்படி மறுப்பது? காவல் நிற்கிறவன் இடத்தை விட்டு நகரக்கூடாது, அன்றுதான் முதல்முறையாக நகர்ந்தேன். மையத்து வைத்த சந்தூக்குக்குத் தோள் கொடுத்து ஒழுங்கைக்குள் பத்துப் பன்னிரண்டு அடி வைத்திருப்பேன், பின்னால் சுவர் இடிந்து விழுந்தது. திரும்பிப் பார்த்தால் நான் நின்ற இடம் செங்கல் குவியல், மின்கம்பம் முறிந்து கிடக்கிறது. மறுபடி முன்னால் பார்த்தேன். ஒழுங்கையில் ஜனாஸாவும் இல்லை, ஒரு குருவியும் இல்லை.

என்னோடு வேலை செய்கிற காரைதீவு நிமலன் மூச்சிரைக்க ஓடிவந்தான். "என்ன காக்கா, தோளச் சரிச்சுக்கொண்டு தனியக் கதைச்சுக் கதைச்சுப் போறீங்க?"

பள்ளிவாசலில் விசாரித்தேன். அன்று ஊரில் மௌத்தே இல்லை, யாரும் இறக்கவில்லை என்றார்கள்.

புகை தலைக்கேறிவிட்டது என்று நீங்களும் சொல்லலாம், நிமலனும் அதைத்தான் சொல்கிறான். அவனிடம் சொல்லாத ஒன்று இருக்கிறது. தோள் கொடுத்தபோது சந்தூக்கைத் தூக்குகிற காம்பு என் கண்ணுக்கு நேரே இருந்தது. அதில் ஒரு துண்டு சிவப்பு வெள்ளை டேப் கட்டியிருந்தது. பின்பக்கமாகச் சுற்றி உள்ளே போகிற முடிச்சு.

முடிச்சை மாற்று என்று மனைவி அழுகிறாள். மாற்ற மாட்டேன். டேப்பை மட்டும் இப்போது நன்றாகத் தள்ளிக் கட்டுகிறேன், எந்தக் கடைக்காரன் கெஞ்சினாலும் சரி. அந்த ஜனாஸா ஒருநாள் எனக்காகத் திரும்பி வரும், தெரியும். வரட்டும், அன்றும் மறிப்பேன்.