தட்டி வழியாகப் படித்த பாட்டு

தொண்ணூறுகளின் நடுவில், பாறசாலைக்குப் பக்கத்துக் கேரள எல்லையோரக் கிராமம் ஒன்றில் நான் ஐந்தாம் வகுப்பு படித்தபோது நடந்தது இது. எங்கள் பள்ளியில் ஒவ்வொரு வகுப்புக்கும் தமிழ் டிவிஷன் ஒன்று, மலையாள டிவிஷன் ஒன்று. இரண்டும் ஒரே நீளக் கூடத்தில். நடுவில் ஒரு மூங்கில் தட்டி, அவ்வளவுதான் மறைப்பு. நாங்கள் வாய்ப்பாடு சொல்லும்போது அவர்கள் கவிதை பாடுவார்கள். இரண்டு சத்தமும் சேர்ந்து கூரையைப் பிளக்கும்.

அந்தப் பக்கத்து மலையாள டீச்சருக்கு அருமையான குரல். மாமரத்துக்கும் குரங்குக்கும் நடக்கும் சண்டையைப் பற்றிய கவிதை ஒன்றை அந்த வருடம் முழுக்கப் பாடிப் பழக்கினார். என் காது பாதி நேரம் தட்டிக்கு அந்தப் பக்கம்தான் கிடக்கும். கடையிலும் தெருவிலும் பேசுகிற மலையாளம் எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. கவிதை மலையாளம் அப்படியில்லை. பாதி புரியாது. புரியாவிட்டால் என்ன, ராகத்தோடு முழுதும் மனப்பாடமாகிவிட்டது.

ஆண்டுவிழாவில் எங்கள் டிவிஷனுக்கு எப்போதும் கடைசியில் ஒரு கூட்டுப்பாட்டு கொடுப்பார்கள். அதற்குள் பாதிக் கூட்டம் எழுந்து போயிருக்கும். எனக்கு அது பொறுக்கவில்லை. மலையாளக் கவிதை பாடுகிறேன் என்று போய்ப் பெயர் கொடுத்தேன். விழாப் பொறுப்பில் இருந்த ஆசிரியர், "தமிழ் கிளாஸ் குட்டிக்கு மலையாளக் கவித எந்தினா?" என்று தயங்கினார். எங்கள் தமிழ் சார் விடவில்லை. "அவ பாடிருவா சாரே. நான் பொறுப்பாக்கும்" என்று சொல்லிவிட்டார்.

என் தோழிதான் பயமுறுத்தினாள். "தப்பித் தெற்றிப் போச்சுன்னா சாருக்கு நாணக்கேடாக்கும் மக்கா. பொறவு நம்ம கிளாஸ்ல ஒருத்தரையும் மேடையில ஏத்த மாட்டாவ."

விழா அன்று தைரியமாகத்தான் ஆரம்பித்தேன். குரங்கு கிளை தாவும் இடத்தில் எனக்கு ரொம்பப் பிடித்த வரி வரும். எனக்கு முழுதாகப் புரிந்த ஒரே வரியும் அதுதான். மாமரம் குரங்கை அதட்டுவதாக நினைத்து, கையை ஓங்கிக்கொண்டு பாடினேன்: "மிண்டாதிரியெடா குரங்ஙா!" பேசாமல் இருடா குரங்கே என்று அர்த்தம்.

கூட்டம் கொல்லென்று சிரித்தது. ஆசிரியர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டார்கள். விஷயம் என்னவென்றால், கவிதையில் அப்படி ஒரு வரியே கிடையாது! அந்த இடம் வந்ததும் மலையாள கிளாஸில் ஒருவன் குரங்கு மாதிரிக் கத்துவானாம். டீச்சர் ராகம் விடாமலே அவனை அதட்டிவிட்டு மேலே பாடுவாராம். நான் அந்த அதட்டலையும் சேர்த்து மனப்பாடம் செய்திருக்கிறேன்.

இதெல்லாம் பிறகு தெரிந்தது. மேடையில் நிற்கும்போது எதற்குச் சிரிக்கிறார்கள் என்றே புரியவில்லை. பாட்டை நிறுத்திவிட்டேன்; அழுகை வந்தது. சாரின் முகத்தைப் பார்க்கத் துணிவில்லாமல், இறங்கி ஓடிவிடத் திரும்பினேன்.

அப்போது கீழே உட்கார்ந்திருந்த மலையாள கிளாஸ் பிள்ளைகள் அத்தனை பேரும் அந்த வரியை அதே ராகத்தில் எடுத்துப் பாடினார்கள். அவர்களுக்கும் அந்த அதட்டல் இல்லாமல் அடுத்த வரி வராது! நிறுத்தாமல் அவர்கள் மேலே பாட, நானும் ஒட்டிக்கொண்டேன். பின்னாலேயே எங்கள் கிளாஸும் சேர்ந்துகொண்டது. தட்டி யார் காதைத்தான் அடைத்தது? பாட்டு முடிவதற்குள் பந்தலே பாடிக்கொண்டிருந்தது.

மலையாள டீச்சர் சிரித்துச் சிரித்து வந்த கண்ணீரைத் துடைத்தபடி மேடையேறி, கெட்டிக்காரி என்ற அர்த்தத்தில் "மிடுக்கி!" என்று என்னைக் கட்டிக்கொண்டார். பிறகு எங்கள் சாரைப் பார்த்து, நீங்கள் வாய்ப்பாட்டுக்கு நடுவில் திட்டுவதெல்லாம் என் பிள்ளைகளுக்கும் மனப்பாடம்தான் என்றார். சார் நெளிந்த நெளிவைப் பார்க்க வேண்டுமே! எனக்கு அழுகை போன இடம் தெரியவில்லை.

மறு வருடம் பெயர் கொடுக்கப் போனபோது எந்த டிவிஷன் என்று யாரும் கேட்கவில்லை. எங்கள் தமிழ்ப் பாட்டுக்கு மலையாள கிளாஸ் பிள்ளைகளும் வந்து நின்றார்கள்.

அதன்பிறகு வேலைக்காக எத்தனையோ ஊர்களுக்குப் போய்விட்டேன். புது மொழியை அரைகுறையாகப் பேச எனக்குக் கூச்சம் வந்ததே இல்லை. தப்பாகிப் போனாலும் கூடச் சேர்ந்து பாட நாலு பேர் இருப்பார்கள் என்கிற நம்பிக்கை அன்று அந்த மேடையில் கிடைத்தது. இன்றுவரை அது என்னைக் கைவிடவில்லை.