சித்திரையில் அடித்த வாடை

இன்றும் எங்காவது டயர் எரிகிற வாடை வந்தால், பக்கத்தில் நிற்பவரிடம் "உங்களுக்கும் அடிக்கிறதா?" என்று கேட்டுவிடுகிறேன். சிலர் என்னை ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள்.

திருவொற்றியூரில், கடலுக்கு நாலு தெரு தள்ளி எங்கள் வீடு. இரண்டு வருடங்களுக்கு முன், சித்திரையில் ஒரு மாலை, என் மனைவி படபடவென்று ஜன்னல்களைச் சாத்தினாள்.

"டயரு கொளுத்துறானுங்க."

எனக்கு ஒன்றும் தெரியவில்லை. அதில் ஆச்சரியமும் இல்லை. எண்ணெய், அமோனியா, நிலக்கரித் தூள் என்று ஆலைக் காற்றிலேயே வளர்ந்த மூக்கு, எப்போதோ வேலையை விட்டுவிட்டது என்றுதான் எங்கள் பக்கத்தில் எல்லோரும் சொல்வோம். அவள் நல்ல மூக்குக்காரி, அவ்வளவுதான்.

அதன்பிறகு அவளுக்கு அடிக்கடி அடித்தது. வாடை ஒரு நிமிடம் இருக்கும், போய்விடும். அந்த நிமிடம் அவள் பேச்சை நிறுத்திச் சுவரையே பார்ப்பாள். மோப்பம் பிடிக்கிறாள் என்று நினைத்தேன். எந்த ஆலையின் வேலை இது? எனக்கு ஆர்வம் பற்றிக்கொண்டது. ஒரு நோட்டில் குறித்தேன்: திங்கள், மாலை 5.10, வாடை. புதன், மாலை 4.30, வாடை. மூன்று வாரத்தில் பதினேழு முறை. மாசுக் கட்டுப்பாட்டு அலுவலகத்துக்கு மனு எழுதி, தெருவில் கையெழுத்து வாங்கக் கிளம்பினேன்.

எதிர்வீட்டுக்காரர் கடலுக்குப் போகிறவர். நோட்டைப் படித்ததும் சிரித்துவிட்டார்.

"இன்னா வாத்தியாரே, சித்திரையில ஏது வாடை? கொண்டல் இல்ல அடிச்சிகினு கீது?"

அவருக்கு வாடை என்றால் வடக்கிலிருந்து வரும் குளிர்காலக் காற்று. கொண்டல், கடலிலிருந்து வருவது. நான் எழுதியது நாற்றத்தை என்று விளக்கினேன். சிரிப்பு அடங்கி யோசித்தார்.

"அப்பவும் ஒதைக்குதே. சாயங்காலம் காத்து கடல்லேர்ந்து வருது. நடுக்கடல்ல எவன் டயரு கொளுத்துறான்? உனுக்கு அடிச்சுதா நைனா?"

"இல்ல."

"எனுக்கும் இல்ல. வேற யாருக்கு?"

பதினோரு வீடுகளில் கேட்டேன். யாருக்கும் இல்லை. எல்லோரும் அவரவர் மூக்கைத்தான் குறை சொன்னார்கள். முந்தின நாளாக இருந்தால் நானும் நம்பியிருப்பேன்.

மறுநாள் மருத்துவமனை. நோட்டைப் புரட்டிய மருத்துவர் ஆலையைப் பற்றிக் கேட்கவே இல்லை. அவள் சுவரையே பார்ப்பாள் என்று நான் சொன்னதும், அப்போது கூப்பிட்டால் திரும்புவார்களா என்று கேட்டார். திரும்பமாட்டாள். இல்லாத வாடை மூளையிலிருந்தும் வரலாம், அது ஒரு வகை வலிப்பு என்றார். ஸ்கேனில், இடது காதுக்கு மேலே, நெல்லிக்காய் அளவில் ஒரு கட்டி. வேகமாக வளரும் வகை. தலைவலி, வாந்தி என்று முற்றி வருவோர்தான் அதிகம், இது சின்னதாகவே அகப்பட்டது என்றார் மருத்துவர். என் மனைவி படத்தின்மேல் குனிந்து உற்றுப் பார்த்தாள்.

"இத்துனூண்டா? இதுக்கா அத்தினி ஜன்னல சாத்துனேன்?"

அறுவை சிகிச்சை, பிறகு ஆறு வாரம் கதிர்வீச்சு, மாத்திரைகள். முழுக்கப் போய்விட்டது என்று மருத்துவர்கள் இன்றும் சொல்வதில்லை. திரும்பி வரும் குணம் அதற்கு உண்டு. சில மாதங்களுக்கு ஒரு ஸ்கேன், அந்த வாரம் முழுக்க இருவருக்கும் சோறு இறங்காது. ஆனாலும் அவள் சமையலறையில் பாத்திரத்தை உருட்டிக்கொண்டுதான் இருக்கிறாள். அவள் தலைக்குள் நடந்ததை ஊர்க்காற்றின் மேல் போட்டு எழுதிவைத்தேன். ஒருவர் அதைத் தப்பாகப் படித்ததால்தான் நான் சரியாகப் படித்தேன் என்பது இன்னும் எனக்கு விளங்காத விந்தை.

அறுவை சிகிச்சை நடந்த காலை அப்படியே நினைவிருக்கிறது. பேச்சுக்கான இடத்துக்குப் பக்கத்தில் கட்டி. அதனால் மயக்கம் தெளிந்ததும் கணவர் பெயரைக் கேட்டுப் பார்ப்போம் என்று சொல்லியிருந்தார்கள். இருபத்தொரு வருடத்தில் அவள் ஒருமுறைகூட என் பெயரைச் சொன்னதில்லை. தியேட்டர் கதவருகே ஸ்ட்ரெச்சரை நிறுத்தச் சொல்லி, என்னைக் குனியவைத்தாள்.

"யோவ், உன் பேரு கேட்டு நான் சொல்லலன்னா, மறந்துட்டேன்னு அழுவாத. வெக்கமா கீது, அவ்ளோதான்."