மீட்டா என்றால் உப்பு

என் வீட்டுக்காரருக்குச் சர்க்கரை வியாதி வந்த புதிதில் நான் அவருக்கு உப்பில்லாமல் சமைத்துப் போட்டேன். கேட்கிறவர்கள் இப்போது சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். அன்றைக்கு எங்களுக்குச் சிரிப்பு வரவில்லை.

அறுபதுகளில் தாராவியில் ஒரு பரண் மேல் தோல் பை தைக்கிற வேலை அவருக்கு. எல்லாம் கால் மிஷின்தான். ஒரு நாள் வார் வெட்டுகிற கத்தி நழுவி வலது பாதத்தில் விழுந்து, கட்டைவிரலை ஒட்டிக் கீறிவிட்டது. சின்னக் கீறல். மஞ்சளைக் குழைத்துப் பூசினோம், ஆறவில்லை. ஓரம் கறுத்து நீர் வடிய ஆரம்பித்தது. மிஷின் மிதிக்கிற காலே அதுதான். இடது காலால் மிதித்துப் பார்த்தார். தையல் கோணிக்கொண்டு போனது.

பெரிய ஆஸ்பத்திரிக்குத் தனியாகவே போய்விட்டு வந்தார்.

"இனிமே நமக்கு உப்பு கெடையாதுளா. டாக்டர் கண்டிசனாச் சொல்லிட்டாரு."

"காலுப் புண்ணுக்கும் உப்புக்கும் என்ன சம்பந்தமாம்?"

"இங்கிலீசுல ஒரு பேரு சொன்னாரு, வாயில நுழையல. மாத்திரை குடுத்திருக்காரு. உப்பு மட்டும் கூடவே கூடாதுன்னுட்டாரு."

சொன்னால் சொன்னதுதான். குழம்பில் உப்பில்லை, ரசத்தில் உப்பில்லை. மனுஷன் முகம் சுளிக்காமல் சாப்பிட்டார். வெறும் கஞ்சி தொண்டையில் இறங்காது என்பதால் ஒரு துண்டு கருப்பட்டியைக் கடித்துக்கொண்டு குடித்தார். பரணில் டீக்காரனிடம், "உப்புதான் போச்சு, சீனியாவது கூடப் போடுப்பா" என்று கேட்டு வாங்கிக் குடித்தாராம். பக்கத்து வீட்டுக்காரி, எங்கள் பக்கத்து ஊர்க்காரி, என்னை மைனி என்றுதான் கூப்பிடுவாள். அவள் வந்து பார்த்துவிட்டு மூக்கில் விரல் வைத்தாள்.

"அண்ணாச்சி வைராக்கியம் யாருக்கு வரும் மைனி! எங்க வீட்டுல ஒரு கல்லு உப்பு கொறஞ்சாப் போதும், தட்டு பறக்கும்."

வைராக்கியம் இருந்து என்ன செய்ய? புண் பெரிதானது. அடுத்த தடவை நானும் கூடப் போனேன்.

நர்ஸ் ஒரு கண்ணாடிக் குழாயில் நீல மருந்தை ஊற்றி, அதில் இவர் சிறுநீரைச் சொட்டுச் சொட்டாக விட்டு நெருப்பில் காட்டினாள். நீலம் பச்சையாகி, மஞ்சளாகி, கடைசியில் செங்கல் நிறத்துக்கு வந்து நின்றது. சர்க்கரை ரொம்பக் கூடிவிட்டது என்பதற்கு அதுதான் அடையாளம் என்று எனக்குப் பிறகுதான் தெரிந்தது. டாக்டர் அதைப் பார்த்துவிட்டு இவரைப் பார்த்தார். "மீட்டா காயா?" மீட்டா சாப்பிட்டாயா என்று கேட்டார்.

இவர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, "ஏக் தானா பீ நை, டாக்டர் சாப்! பூரா பந்த்!" என்றார். ஒரு கல்லுகூட இல்லை, முழுக்க நிறுத்தியாச்சு என்று.

எனக்குத் திக்கென்றது. எங்கள் சந்துக்குத் தட்டில் ஜிலேபி கொண்டுவருகிற வடநாட்டு பையா, 'மீட்டா, மீட்டா' என்றுதான் கூவுவான்.

"ஏங்க, மீட்டான்னா என்னன்னு நெனச்சிய?"

"உப்பு. வேற என்ன? பக்கத்து மிஷின்காரன் மத்தியானம் சோத்துக்கு அதைத்தான கேப்பான், மீட் தே, மீட் தேன்னு."

"அவரு மராட்டிக்காரரு. மராட்டியில மீட்டுன்னா உப்பு. டாக்டர் பேசுதது இந்தி. இந்தியில மீட்டான்னா இனிப்பு!"

"ரெண்டும் ஒண்ணுதானளா?"

"ஒண்ணா? கருப்பட்டியில்லா தின்னிய!"

எனக்குத் தெரிந்த ஓட்டை இந்தியில் டாக்டரிடம் நடந்ததைச் சொன்னேன். அவர் முதலில் சிரித்தார். பிறகு கட்டைப் பிரித்துப் பார்த்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. இனி மாத்திரை போதாது, தினமும் ஊசி போட வேண்டும், இனிப்பை அறவே விட வேண்டும், அப்படியும் ஆறாவிட்டால் விரலை எடுக்க வேண்டிவரும், விரலோடு நிற்குமா என்று இப்போது சொல்ல முடியாது என்றார். இவர் அந்தக் காலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"யார் ஊசி போடுவது?" என்று கேட்டார்கள்.

"நான்" என்றேன். அந்த ஒரு சொல்லை யோசித்துச் சொல்லவில்லை. ஆனால் என் வாயிலிருந்து வந்த சொற்களில் நான் அதிகம் பெருமைப்படுவது அதைத்தான்.

நர்ஸ் என் கையில் ஒரு மொசம்பியை, நம் ஊர்ச் சாத்துக்குடியைக் கொடுத்து, அதில் குத்திப் பழகச் சொன்னாள். பழம் அழவில்லை, சுலபமாகக் குத்தினேன். வீட்டில் கண்ணாடி சிரிஞ்சைக் கொதிக்க வைத்து எடுத்து அவர் தொடைப் பக்கம் கொண்டுபோனதும் அதைத் திரும்பத் தட்டிலேயே வைத்துவிட்டேன். பகல் முழுக்கத் தோலில் ஊசி ஓட்டுகிற மனுஷன் கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

"தோலுன்னா ஓட்டை விழத்தான செய்யும். குத்துளா."

குத்தினேன். சூட்டில் கெட்டுவிடும் என்று மருந்துக் குப்பியை ஈர மணலில் புதைத்த சட்டியில் வைத்துக் காப்பாற்றினேன். தண்ணீர் வராத நாளிலும் அந்த மணல் காயவில்லை. கால் புண்ணை நானே கழுவினேன். அவரும் சும்மா இல்லை. பரணில் எல்லோருக்கும் சாயா வரும்போது தனக்கு மட்டும் சீனி இல்லாமல் வாங்கிக் குடித்தார். "என்ன, வீட்டுல சண்டையா?" என்று கேலி செய்தவர்களிடம், "இல்லவே, பொண்டாட்டிக்குப் பயம்" என்றாராம். கருப்பட்டியை விட்டதுதான் அவருக்குப் பெரிய தவம். எங்கள் ஊர்க்காரனிடம் கருப்பட்டி வேண்டாம் என்றால் ஊரே வேண்டாம் என்று சொன்ன மாதிரி.

பக்கத்து வீட்டுக்காரி மகளுக்குப் பெயர் வைத்த அன்று பாயசம் கொண்டுவந்தாள். இவர் கையெடுத்துக் கும்பிட்டு வேண்டாம் என்றார். அவள் முகம் தொங்கிப்போயிற்று.

"நல்ல காரியத்துக்கு ஒரு வாய் வாங்க மாட்டிய, அப்படித்தான அண்ணாச்சி?"

நான் அவர் கால் கட்டை அவிழ்த்துக் காட்டினேன். அவள் பாயசத்தை எடுத்துக்கொண்டு போனாள். கோபித்துக்கொண்டாள் என்றுதான் நினைத்தேன். சற்று நேரத்தில் ஒரு கிண்ணம் சுண்டலோடு திரும்பி வந்தாள். "இதுல உப்பு இருக்கு அண்ணாச்சி, தைரியமாத் தின்னுங்க!" சந்து முழுக்கச் சிரித்தது. அதன் பிறகு எந்த வீட்டு விசேஷத்திலும் இவருக்கென்று தனியாக ஒரு கிண்ணம் சுண்டல் எடுத்து வைத்தார்கள்.

மழைக்காலம் முடியும்போது புண்ணின் ஓரத்தில் இளஞ்சிவப்பாகத் தோல் கட்டியது. பிறகு மெதுவாக மூடியது. டாக்டர் விரலால் அழுத்திப் பார்த்துவிட்டு, "வெட்ட வேண்டாம். மிஷின் மிதிக்கலாம், ஆனால் ஊசியை நிறுத்தக்கூடாது" என்றார். நர்ஸ் அங்கே உட்கார்ந்திருந்த வேறொரு பெண்ணிடம் என்னைக் காட்டி, ஊசி குத்துகிற மாதிரி சைகை செய்து, ஏதோ மராட்டியில் சொன்னாள். எனக்கு முழுதும் புரியவில்லை. அந்தப் பெண் என் கையைப் பிடித்துப் பார்த்தாள்.

வெளியே வந்ததும் நான் பஸ் நிறுத்தத்தில் நின்றேன். "பஸ் எதுக்கு?" என்று சொல்லிவிட்டு அவர் நடக்க ஆரம்பித்தார். மிச்சத் தோலில் தானே தைத்த மெத்துச் செருப்பு காலில். எத்தனையோ மாதமாக அவர் நடைக்கு ஏற்ப என் நடையைக் குறைத்துப் பழகியிருந்தேன்; திடீரென்று வேகம் வரவில்லை. சயான் பாலம் தாண்டும்போது கூட்டத்துக்குள் அவர் முதுகு மட்டும்தான் தெரிந்தது. கூப்பிட வாயெடுத்தேன். பிறகு வேண்டாம் என்று விட்டுவிட்டேன். போகட்டும், முன்னால் போகட்டும்.