வீடு என்ற அட்டை

தேயிலைத் தோட்டத்தில் எங்கள் லயத்து வீடுகளுக்குப் பின்னால் மலையில் வெடிப்பு விழுந்திருக்கிறது, மண் சரியலாம், எல்லோரும் உடனே இறங்குங்கள் என்று கிராம சேவகர் வந்து சொன்ன அன்று, மற்றவர்கள் அடையாள அட்டைகளையும் உடுப்புகளையும் பையில் திணித்துக்கொண்டிருந்தார்கள். நானும் என் மனைவியும் சுவரில் அறைந்திருந்த ஒரு பலகையைக் கழற்றிக்கொண்டிருந்தோம்.

அது எங்கள் மகளின் பலகை. அவளுக்கு அப்போது ஒன்பது வயது. பேச்சு வரவில்லை. ஆட்டிசம் என்று பதுளை ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். அங்கே கிளினிக்கில் பேச்சுப் பயிற்சி கொடுக்கும் மிஸ்தான், அன்றைய நாளில் அடுத்தடுத்து என்ன நடக்கும் என்பதைப் பலகையில் படங்கள் ஒட்டிக் காட்டச் சொல்லிக் கொடுத்தார். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. படத்தைக் காட்டிப் பழக்கினால் பேச்சே வராது என்று நினைத்தேன். போதாததற்கு, முதலில் கிடைத்த படங்களில் குளிப்பதற்கு ஷவரும் சாப்பிடுவதற்கு முள்கரண்டியும் இருந்தன. நாங்கள் மலைத் தண்ணீர் கொட்டும் பீலியில் குளிப்பவர்கள். மகள் அந்த ஷவர் படத்தைக் கடித்துத் துப்பினாள்.

மனைவி விடவில்லை. எங்கள் பீலி, எங்கள் ரொட்டித் தட்டு, பள்ளிக்கூட வாசல் என்று எல்லாவற்றையும் ஃபோனில் படமெடுத்தாள். பண்டாரவளையில் ஒரு கடையில் அச்சடித்து லெமினேட் செய்து வாங்கினோம். கடைசி அட்டை வீடு. எங்கள் ஒற்றை அறைக் காம்பராவின் பச்சைக் கதவு. பள்ளிக்கூடம் முடிந்து, பறித்த கொழுந்தை நிறுத்துக் கொடுத்துவிட்டு அம்மாவும் வந்த பிறகு, அந்த அட்டையை மகள் கையில் எடுத்துக்கொண்டு உள்ளே போவாள். அப்படி எட்டு மாதம். காலையில் எழுந்ததும் கையைக் கடித்துக்கொள்ளும் பழக்கம் அதற்குள் நின்றுவிட்டது. நான் என் வாயை மூடிக்கொண்டேன்.

எங்களைக் கொண்டுபோய் வைத்தது ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில். பதினான்கு குடும்பம். மேசைகளை அடுக்கிக் குடும்பத்துக்கொரு இடம் பிரித்திருந்தார்கள். பலகையை ஜன்னல் கம்பியில் கட்டினோம். அட்டைகளில் பாதி அந்த இடத்துக்குப் பொருந்தவில்லை. முதல் நாள் சாயங்காலம், மகள் பச்சைக் கதவு அட்டையை எடுத்துக்கொண்டு மண்டபத்து வாசலில் போய் நின்றாள். அட்டையை என் நெஞ்சில் வைத்து அழுத்தினாள்.

"நாளைக்குப் போவோம்மா," என்றேன்.

அவள் கதவு நிலையில் தலையை மோதிக்கொண்டாள். மண்டபமே திரும்பிப் பார்த்தது. மறுநாளும் அதே நேரம், அதே வாசல். மூன்றாம் நாளும்.

நான்காம் நாள் நான் அந்த அட்டையை எடுத்து என் சட்டைப் பைக்குள் ஒளித்துவைத்தேன். கண்ணில் படாவிட்டால் மறந்துவிடுவாள் என்று நினைத்தேன். எனக்கும் தூக்கம் இல்லை. ஃபெக்டரி வேலைக்குப் போய் வந்து, அந்த வாசலில் அவளைப் பிடித்துக்கொண்டு நிற்கத் தெம்பில்லை.

அவள் மறக்கவில்லை. தேடினாள். எங்கள் பையைக் கொட்டிவிட்டு மற்றவர்களின் பைகளைக் கொட்டத் தொடங்கினாள். பக்கத்து இடத்தில் இருந்த அக்கா, பென்ஷன் வாங்கிய கொழுந்துக்காரி, இரண்டு நாள் பொறுத்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"தம்பி, புள்ளைய கொஞ்சம் புடிச்சிக்கங்க. எஞ்சினதே இந்த ஒரு பைதான். அதயும் கிண்டிப் போடுது."

அவர் சொன்னதில் தப்பில்லை. மகள் அப்போது பிஸ்கட்டைத் தவிர எதையும் தின்னவில்லை. அட்டையை ஒளித்த மூன்றாவது நாள், என் சட்டையைத் துவைக்க எடுத்த மனைவி பைக்குள் அட்டையைக் கண்டுபிடித்தாள். சத்தம் போடுவாள் என்று பார்த்தேன். மெதுவாகத்தான் பேசினாள்.

"அவளுக்குன்னு இருக்கிற பேச்சே இதுதாங்க. அதயுமா புடுங்கி வச்சீங்க?"

நான் மண்டபத்துக்கு வெளியே போய், பதுளை மிஸ்ஸுக்கு ஃபோன் பண்ணினேன். நடந்ததை ஒளிக்காமல் சொன்னேன்.

"அட்டைய திருப்பிக் குடுத்துருங்க," என்றார். "இப்ப அங்க போக ஏலாதுன்னு பாப்பாவுக்கு இன்னும் யாருமே சொல்லலதானே? ஒரு செவப்புப் பட்டி செஞ்சி அது மேல குறுக்கால ஒட்டுங்க. எந்தப் படத்து மேல அது இருந்தாலும், இப்ப இல்லன்னு அர்த்தம். பக்கத்துல, இப்ப படுக்கிற எடத்த படமெடுத்து வைங்க."

"எவ்வளவு நாளைக்கு மிஸ்?"

"அது எனக்கும் தெரியாதே."

தெரியாது என்பதற்கு என்ன படம் வைப்பது என்று கேட்க வந்தது. ஃபோனை வைத்துவிட்டு டேப் வாங்கப் போனேன்.

சிவப்பு டேப்பை ஒரு மட்டையில் சுற்றி, பிய்த்துப் பிய்த்து ஒட்டும்படி பட்டி செய்தேன். அன்று சாயங்காலம் மகள் அதைப் பிய்த்து எறிந்துவிட்டு வாசலுக்குப் போனாள். நான் எடுத்து மறுபடியும் ஒட்டினேன். மறுநாளும் எறிந்தாள். ஆறாவது நாளோ ஏழாவது நாளோ, வாசலில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத் தானாகத் திரும்பி வந்து பாயில் உட்கார்ந்தாள். புரிந்துதான் வந்தாளா, களைத்துப்போய் வந்தாளா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. மனைவி பருப்பும் சோறும் பிசைந்து கொடுத்தாள். நான்கு கவளம் சாப்பிட்டாள்.

அதற்குப் பிறகு ஒரு காலையில், பள்ளிக்கூடத்துக் குழாயில் குளிக்கவைக்க அம்மா கூப்பிட்டபோது, மகள் பலகைக்குப் போனாள். வீட்டு அட்டையிலிருந்து சிவப்புப் பட்டியைக் கழற்றிக் குளியல் அட்டையின் மேல் ஒட்டினாள். அதைக் கொண்டுவந்து அம்மா கையில் கொடுத்தாள்.

மனைவி அதை வெகுநேரம் பார்த்தாள்.

"குளிக்க மாட்டாளாம்," என்றாள்.

ஒன்பது வருடத்தில் எங்கள் மகள் வேண்டாம் என்று சொன்னது அதுதான் முதல் தடவை. அதுவரை கடிப்பாள், கத்துவாள், ஓடுவாள். அன்று அவளைக் குளிக்கவைக்கவில்லை.

அதற்காகச் சந்தோஷப்பட்டு முடிவதற்குள் எல்லாவற்றுக்கும் ஒட்டத் தொடங்கிவிட்டாள். பள்ளிக்கூடத்துக்கு, செருப்புக்கு, மருந்துக்கு. நான் இன்னும் பட்டிகள் செய்ய வேண்டியிருந்தது. ஒருநாள் பலகையில் இருந்த என் படத்துக்கும் ஒட்டினாள். சில பட்டிகள் சொன்னபடி கேட்டோம், சிலவற்றைக் கேட்க முடியவில்லை. மருந்தின் மேல் இருந்த பட்டியை நான் பிய்க்கும்போதெல்லாம் அவள் அழுதாள். பக்கத்து அக்கா பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "எனக்கும் ஒன்னு செஞ்சி குடுங்க தம்பி. தெனமும் போடுற இந்தப் பருப்பு மேல ஒட்டணும்," என்றார். அந்த மண்டபத்தில் நானும் மனைவியும் அக்காவும் சேர்ந்து சிரித்தது அப்போதுதான். மகள் காதைப் பொத்திக்கொண்டாள்.

மூன்று மாதத்துக்குப் பிறகு, எங்கள் தோட்டத்தின் கீழ் டிவிஷனில் காலியாக இருந்த ஒரு காம்பராவை எங்களுக்குக் கொடுத்தார்கள். தகரக் கதவு, சாயம் இல்லை. போவதற்கு நான்கு நாள் முன்பே அதைப் படமெடுத்துக் காட்டிக்கொண்டே இருந்தோம். போன அன்று பின்னேரம், சாமான்களை எல்லாம் உள்ளே வைத்த பிறகும், மகள் வாசல்படியைத் தாண்டவில்லை. நான் இழுக்கவில்லை. கூட நின்றேன்.

மனைவி உள்ளே அடுப்பு மூட்டினாள். கொஞ்ச நேரத்தில் மூன்று கோப்பை பிளேன்டீயும் ரொட்டியும் வெளியே கொண்டுவந்தாள். "அவ வரும்போது வரட்டுங்க," என்றாள். வாசலில் நின்றபடியே மூவரும் சாப்பிட்டோம். பனி இறங்கிக்கொண்டிருந்தது. மகள் ஒரு காலை மறு காலின் மேல் வைத்துத் தேய்த்தாள். பிறகு மற்றக் காலை. குளிர் தாங்காமல் உள்ளே போய், அடுப்புக்குப் பக்கத்தில் குந்திக்கொண்டாள்.

மனைவி கோப்பைகளை எடுத்துக்கொண்டு போனாள். நான் அந்தப் படியிலேயே உட்கார்ந்து, சுவரில் சாய்ந்து, அப்படியே தூங்கிப்போனேன்.