லாஸ்ட் மிட்டனில் எல்க் இல்லை

வெர்ல் ஸ்டோக்கரைப் போல நேர்மையான ஆளை எங்கள் ஊரில் பார்க்க முடியாது. முப்பத்தோரு வருடமாகக் கவுன்டி நிர்வாகத்தின் பனி தள்ளும் வண்டியை ஓட்டுகிறான். யார் வீட்டுத் தபால் பெட்டியையாவது இடித்துவிட்டால், தானே இறங்கிப் போய்க் கதவைத் தட்டிச் சொல்லிவிடுவான். அப்படிப்பட்டவன் ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் வாய் கூசாமல் பொய் சொன்னான். லாஸ்ட் மிட்டன் பள்ளத்தாக்கில் எல்க் மான் இருக்கிறதா என்று கேட்டால் போதும், ஆளே மாறிவிடுவான்.

நானும் அவனும் ஒரே வகுப்பு. பள்ளி முடிந்ததும் நான் இந்தக் காப்பிக்கடைக்கு வந்தேன், அவன் வாடிக்கையாளனாக வந்தான். அவனுக்குக் காப்பி ஊற்றியே தோள்வலி வாங்கியவள் என்பதால், அவனைப் பற்றிச் சொல்ல எனக்கு உரிமை உண்டு.

லாஸ்ட் மிட்டனில் ஆண் எல்க் சுட வருடத்துக்கு இருபதே அனுமதிச் சீட்டு. விண்ணப்பமோ எண்ணூறுக்குக் குறையாது. பக்கத்து மாநிலங்களில் குலுக்கலில் தோற்றவனுக்கு வருடா வருடம் புள்ளி சேரும். பொறுமையாக இருந்தால் கிழவனாவதற்குள் ஒரு சீட்டு வரும். எங்கள் ஐடஹோவில் அந்த இரக்கமெல்லாம் கிடையாது. இருபத்தாறு வருடம் தோற்ற வெர்லும் நேற்று துப்பாக்கி வாங்கியவனும் ஒரே குலுக்கலில்தான். நாற்பதில் ஒரு வாய்ப்பு. தட்டுக்கு அடியில் நான் விரிக்கும் காகிதத்தில் இந்தக் கணக்கை அவன் எத்தனையோ தடவை போட்டிருக்கிறான். சீட்டை அவனால் கூட்ட முடியாது, ஆளைக் குறைக்கலாம் அல்லவா?

மே மாதம் விண்ணப்பம் தொடங்கியதும் வெளியூர்க்காரர்கள் என் கடையில் வந்து விசாரிப்பார்கள். வெர்ல் தொப்பியைக் கழற்றி மேசையில் வைப்பான், சாவு வீட்டுக்கு வந்தவன் மாதிரி.

"லாஸ்ட் மிட்டனா? அங்க இப்ப அணில்தான் சார் இருக்கு. எல்க் எல்லாம் மலை தாண்டி மொன்டானாவுக்குப் போயிடுச்சு."

"ஏன் போச்சு?"

"அதுங்களத்தான் கேக்கணும். கேக்கறதுக்கு ஒண்ணாவது இருக்கணுமே!"

டயர் கடை கார்ட் பீஸ்லி போன்ற உள்ளூர் ஆட்களுக்கும் இதே பாட்டுத்தான். "நீயாவது அங்க விண்ணப்பம் போடுறியா வெர்ல்?" என்று கார்ட் கேட்டால், "எனக்கென்ன கிறுக்கா?" என்பான். விடியற்காலையில் அந்தச் சாலையில் போகிறவன் அவன் ஒருவன்தான். அதனால் எல்லோரும் தலையாட்டிக்கொள்வார்கள்.

எனக்கு மட்டும் ஒரு ரகசியம் தெரியும். வெர்ல் காப்பியில் சர்க்கரை போடமாட்டான். ஆனால் பொய் சொல்லும்போது மட்டும், போடாத சர்க்கரையைக் கரண்டி விட்டுக் கலக்கிக்கொண்டே இருப்பான்.

இரண்டு குளிர்காலத்துக்கு முன்னால் அவன் இடது முட்டியைப் பார்த்த டாக்டர், "இன்னும் ஒரு வேட்டைக்குத் தாங்கும். அதுக்கப்புறம் மாடிப்படியே மலைதான்" என்று சொல்லிவிட்டார். அறுபத்தாறு வயது. எனக்கே பாவமாக இருந்தது, அவன் தட்டில் பொரித்த உருளைக்கிழங்கைக் கொஞ்சம் கூடவே வைத்தேன்.

அதே குளிர்காலத்தில் வனவிலங்குத் துறையிலிருந்து மிரியம் ஒகார்ட் என்ற பெண் வந்து, பள்ளி உணவுக்கூடத்தில் கூட்டம் போட்டாள். இரண்டு வருடமாக மூடுபனி, ஹெலிகாப்டரில் போய் எண்ண முடியவில்லை. அதனால் ஊராருக்கு அட்டை அனுப்பி, எல்க் பார்த்தீர்களா என்று கேட்டிருந்தார்கள்.

"அறுபத்தோரு அட்டை வந்துச்சு," என்றாள் மிரியம். "அதுல அம்பத்தெட்டு பேர் லாஸ்ட் மிட்டன்ல எல்க்கே இல்லன்னு எழுதியிருக்கீங்க. அதனால அங்க வேட்டைய அஞ்சு வருஷத்துக்கு மூடலாம்னு இருக்கோம்."

வெர்லின் முகம் வெளுத்தது. ஐந்து வருடம் என்றால் அவனுக்கு எப்போதும் இல்லை என்று பொருள். முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்தான்.

"எல்க் இருக்கும்மா. நான் பொய் சொல்லிட்டேன்."

"எத்தனை இருக்கும்?"

"போன செவ்வாய்க்கிழமை இருநூத்திப் பதினாலு. அதுல ஆண் முப்பத்தொம்பது." சட்டைக்குள்ளிருந்து ஒரு நோட்டை எடுத்து நீட்டினான். பத்தொன்பது குளிர்காலம், நாள்வாரியாக எண்ணிக்கை. பொய்யிலும் அவன் நேர்மை அப்படி.

மிரியம் புரட்டிப் பார்த்தாள். "அப்புறம் ஏங்க அட்டையில 'ஒரு குளம்புத் தடம்கூட இல்ல'ன்னு எழுதினீங்க?"

"வேற யாரும் விண்ணப்பிக்கக் கூடாதுன்னுதான்."

அப்போது கார்ட் பீஸ்லி தொண்டையைச் செருமினான். "அட, நானும் அதுக்குத்தான்யா எழுதினேன்."

பின்வரிசையிலிருந்து இன்னொருவர். அதற்குப் பின்னால் பாதிரியார். மிரியம் நெற்றியைத் தேய்த்தபடி, "லாஸ்ட் மிட்டனுக்கு விண்ணப்பிக்கிறவங்க கொஞ்சம் கைய தூக்குங்க" என்றாள். மொத்தக் கூடமும் தூக்கியது. நானும்தான். வெர்லின் மனைவி நோர்லீன் கையில் பாதி பின்னிய காலுறையோடு தூக்கினாள்.

"நீயுமா?" என்றான் வெர்ல்.

"பத்தொம்பது வருஷமா. நீ உயிரக் குடுத்துப் பொய் சொல்றே, அத வீணாக்கவா சொல்றே?"

அவனைத் தவிர எல்லோரும் சிரித்தார்கள். வேட்டையை மூடவில்லை. நோட்டைப் பார்த்துவிட்டு இருபத்தைந்து சீட்டாகக் கூட்டினார்கள். செய்தித்தாளில் விஷயம் வந்ததும் விண்ணப்பம் இரண்டாயிரம் ஆனது. நாற்பதில் ஒன்று எண்பதில் ஒன்றானது. வெர்ல் காகித விரிப்பில் எழுதிப் பார்த்து, கசக்கி எறிந்தான்.

ஜூலையில் அவனுக்குத்தான் விழுந்தது.

கடைக்குள் வந்து என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதான். நானும் அழுதேன், என் விண்ணப்பம் போனதற்காக அல்ல. அக்டோபரில் கார்ட் தன் கோவேறு கழுதைகளைக் கொடுத்தான். நோர்லீன் முட்டிக்குக் கட்டுப் போட்டு அனுப்பினாள். அந்தக் கோடையில் ஜூலைக்குப் பிறகு ஒரு தூறல் இல்லை, புல் கருகிக் கிடந்தது. அதை யாரும் பெரிதாக நினைக்கவில்லை.

கிளம்பிய பதினேழாம் நாள் வெர்ல் திரும்பிவந்தான். கழுதைகளின் முதுகில் ஒன்றுமில்லை. கடை நிறைய ஆட்கள்.

"எத்தனை பாத்தே?" என்றான் கார்ட்.

"ஒண்ணுகூட இல்ல. ஊத்தெல்லாம் வத்திப்போச்சு. தடம் பூரா ஒரே பக்கமாப் போகுது. எல்லாம் மலை தாண்டி மொன்டானாவுக்குப் போயிடுச்சு."

கடையே குலுங்கிச் சிரித்தது. "கறிய எங்கய்யா ஒளிச்சு வெச்சிருக்கே?" என்று கார்ட் முதுகில் தட்டினான். கூட்டத்தில் பின்வரிசையில் இருந்தவர் போய் அவன் வண்டியைத் திறந்தே பார்த்தார். வெர்ல் ஒவ்வொரு முகமாகப் பார்த்துவிட்டு, கடைசியில் என்னிடம் வந்து நின்றான்.

"நீயாவது நம்புறியா டார்லா?"

அவன் காப்பி ஆறிக்கொண்டிருந்தது. கரண்டி தட்டில் அசையாமல் கிடந்தது.

"நம்புறேன்டா," என்றேன். சத்தியமாக நம்பினேன். அவனுக்கு ஆப்பிள் கேக்கில் பெரிய துண்டாக வெட்டி வைத்தேன்.

அடுத்த மே மாதம் லாஸ்ட் மிட்டனுக்கு வந்த விண்ணப்பம் மூவாயிரத்து நூறு. அதில் என்னுடையதும் ஒன்று.