இறம்பொடை இறக்கத்தில் சூடேறிய பிரேக்

கடந்த மாசியில் ஒரு வெள்ளிக்கிழமை, நுவரெலியாவிலிருந்து கொத்மலைப் பக்கம் ஒரு தோட்டத்துக்குப் போனோம். தங்கை மகள் பெரியவளானதற்குச் சடங்கு. நான்தான் தாய்மாமன். மாமன் கொண்டுபோகும் புடவையைக் கட்டித்தான் பிள்ளை மணையில் உட்காருவாள். பத்தரைக்கு ராகு காலம் பிறந்துவிடும், அதற்குள் உட்கார்த்த வேண்டும். முப்பது கிலோமீட்டர் சொச்சம்தானே என்று எட்டரைக்குச் சாவகாசமாகக் கிளம்பினோம்.

வேனில் ஆட்களைவிடச் சீர்த்தட்டுகள் அதிகம். லபுக்கலை தாண்டி ஓட்டுநர் நிஸாம் வளைவுக்கு வளைவு கியரைக் குறைக்க, வேன் குலுங்கிப் பழத்தட்டு ஒன்று சரிந்தது.

"தம்பி, கியர மாத்தாம பிரேக்க மிதிச்சுக்கிட்டே மெதுவா போங்க. தட்டெல்லாம் கவுந்துரும்."

"இந்த எறக்கத்துல அப்படிப் போனா பிரேக் சூடேறிரும்ணே."

"மெல்லத்தானே போறோம், என்ன ஆயிரப் போவுது?"

சம்பந்தி வீட்டார்போல நான் அதிகாரம் பண்ணியதில் அவரும் விட்டுவிட்டார். உள்ளங்கைகளைத் தேய்த்தாலே சூடு வருகிறது. இத்தனை பாரத்தை இறக்கம் முழுக்கப் பிடித்துக்கொண்டே வந்தால் பிரேக் லைனர் என்ன பாடுபடும்? ஆறுவதற்கு அதற்கு நேரமே கொடுக்கவில்லை. இறம்பொடைக்குச் சற்று முன்னால் கருகின வாடை வந்தது.

"மிதிக்கிறேன், பிடிக்க மாட்டேங்குது," என்றார் நிஸாம். கியரைக் குறைத்து, கை பிரேக்கை இழுத்து, மண்மேட்டில் உரசி நிறுத்தினார். முன் சக்கரங்களில் புகை. என் மனைவி தண்ணீர்ப் போத்தலோடு இறங்கினாள்.

"ஊத்தாதீங்கக்கா, சூட்டுல இரும்பு வெடிச்சிரும். தானா ஆறட்டும்."

ஆறுவதற்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. அதற்குள் இரண்டு பஸ் கடந்து போயின. புடவையை மட்டும் எடுத்துக்கொண்டு ஏறியிருக்கலாம். தட்டில்லாமல் மாமன் எப்படிப் போவது என்று நின்றேன். பத்து மணிக்குத் தங்கை போன் பண்ணினாள்.

"எங்கண்ணே இருக்கீங்க? புள்ளய குளிப்பாட்டியாச்சு."

"இந்தா, வந்துட்டோம்," என்று பொய் சொன்னேன்.

போய்ச் சேர்ந்தபோது பதினொன்று தாண்டிவிட்டது. பிள்ளை அவள் அம்மாவின் பழைய கல்யாணப் புடவையில் உட்கார்ந்திருந்தாள். நான் போட வேண்டிய மாலையைப் பக்கத்து லயத்து வீட்டுக்காரர் போட்டிருந்தார். யாரும் என்னைக் கோபிக்கவில்லை. அது இன்னும் மனசை அறுக்கிறது.

அந்த வழியாகப் போகிறவர்கள், ஏறும் கியரிலேயே இறங்குங்கள். வாடை வந்தால் உடனே நிறுத்துங்கள், தண்ணீர் ஊற்றாதீர்கள். ஓட்டுகிறவரை ஓட்ட விடுங்கள்.

"கலரு நல்லாருக்கு மாமா," என்று பிள்ளை எங்கள் புடவையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். தட்டுகளை வாசலில் இறக்கினோம். ஒரு பழம்கூட நசுங்கவில்லை.